சூரிய உதயம் வேண்டாம், வள்ளுவர் சிலையும் வேண்டாம்: உங்க சாதாரணப் படங்களும் அதுக்குப் பின்னால உள்ள கதையும்

பிச்சிப்பூ (தோவாளை)

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் படம்னு தேடினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். முக்கடல்ல சூரியன், 133 அடி வள்ளுவர், அவருக்குப் பக்கத்துல 2024 கடைசியில திறந்த கண்ணாடிப் பாலம், தண்ணி விழுற காலமானா திற்பரப்பு அருவி. எல்லாம் நல்ல படங்கதான், குறை சொல்லல. ஆனா நாம தினமும் பாக்குறதை யாரு எடுக்கா? அதனால இங்க ரெண்டே விதி. மேல சொன்ன நாலையும் போடாதீங்க. படத்தை மட்டும் போட்டுட்டு ஓடாதீங்க, ஃப்ரேமுக்கு வெளிய என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

நானே ஆரம்பிக்கேன்.

(படம்: பூக்குவியலுக்கு நடுவுல உக்காந்திருக்கிற அண்ணாச்சி)

எங்க ஊரு பூச்சந்தை, விடியுறதுக்கு ரொம்ப முன்ன. தார்ப்பாயில பிச்சி கொட்டிக் கிடக்கு. ஒரு காதுல போன், இன்னொரு கை பூவுக்குள்ள. ஆளு நல்லா சிரிக்காரு பாத்தியளா? வேற இடத்துல போட்டப்போ "என்னா ஒரு சந்தோஷம்"னு ஆளாளுக்கு எழுதுனாங்க. போன்ல அந்தப் பக்கம் இருந்தது திருவனந்தபுரத்து வியாபாரி. முந்தின நாள் முகூர்த்தம், பிச்சி விலை எகிறிக் கிடந்துச்சு. அன்னைக்கு முகூர்த்தம் இல்ல, விலை விழுந்துபோச்சு. இவரு பழைய விலைக்கே தலையில கட்டப் பாக்காரு, அந்தாளு பிடி கொடுக்கல. "பூ வாங்காட்டாலும் பரவாயில்ல, நான் சொல்லுகத முழுசா கேட்டுட்டு வையும்"னு இவரு சொல்லும்போது வந்த சிரிப்பு அது. பிச்சியை நாளைக்குன்னு எடுத்து வைக்க முடியாதுல்லா, அதான் அப்படி ஒரு சிரிப்பு வேண்டியிருக்கு.

வேளிமலை (குமாரகோவில்)

படம் அருமை. எனக்கு ஒரு சந்தேகம். நானும் அதே சந்தையில எடுத்தேன், படம் முழுக்கக் குறுக்கால மங்கலா கோடு கோடா விழுது. உங்க படத்துல அது இல்லியே, எப்படி?

பிச்சிப்பூ

அது எல்இடி விளக்கு செய்யுற வேலை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமரா படத்தை வரிவரியாத்தான் படிக்கும், ஷட்டரை 1/500 நொடின்னு வேகமா வச்சா மங்குற நேரத்துல படிச்ச வரியெல்லாம் கோடா விழுந்துரும். 1/100 இல்லன்னா 1/50ல வையுங்க, கோடு போயிரும். போன்னா புரோ மோடுல போய் மாத்தணும்.

இன்னொண்ணு. வெள்ளைப் பூக்குவியலை எடுக்கச்சில கேமரா சாம்பல் கலர்லதான் காட்டும். எதைப் பாத்தாலும் நடுத்தர வெளிச்சம்னு நினைச்சுக்கிடுகது கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டருக்கு உள்ள பழக்கம். நாமதான் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) ஒரு படி கூட்டி வைக்கணும். மணவாளக்குறிச்சி கருமணல்ல நின்னு எடுத்தா நேர் எதிர், குறைச்சு வைக்கணும். இல்லன்னா அந்தக் கறுப்பு மண்ணு சாதா மண்ணு மாதிரி வெளுத்துப் போகும். அந்த மண்ணுல உள்ள இல்மனைட்டு தாது மின்னுறதைத்தான் எடுக்கப் போறோம், அதையே தொலைச்சிட்டு வருவோம்.

மட்டிப்பழம் (நாகர்கோவில்)

நான் கதை எழுதத் தெரியாத ஆளு. படம் மட்டும் போட்டா விரட்டிருவியளா?

(படம்: ஆரல்வாய்மொழி காற்றாலை, பஸ் ஜன்னல் வழியா)

திருநெல்வேலி பஸ்ல போகச்சில முப்பந்தல் தாண்டி எடுத்தது. ரெண்டு மலைக்கு நடுவுல உள்ள வாசல் வழியா காத்து வந்து அடிக்குது, போனை வெளிய நீட்டவே பயமா இருந்துச்சு. ஆனா எல்லா றெக்கையும் என் பேருக்கு ஏத்த மாதிரி மட்டி வாழைப்பழமா வளைஞ்சிருக்கு. காத்துக்கு வளைஞ்சுதா?

வேளிமலை

காத்துக்கு அந்த அளவு வளைஞ்சா மின்வாரியம் அழுதுரும் மக்கா. போன் சென்சார் படத்தை ஒரே அடியா எடுக்காது, மேல இருந்து கீழ வரிவரியா படிக்கும். கடைசி வரிக்கு வாறதுக்குள்ள றெக்கை நகர்ந்துருது. அதான் வளைவு. விட்டுருங்க, அப்படியே நல்லாத்தான் இருக்கு. மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு வேற கிடைச்சாச்சு, காற்றாலைக்கும் வாங்கிரலாம்.

ரப்பர்க்காட்டான் (குலசேகரம்)

எனக்க வீட்டு முற்றம்.

(படம்: கொடியில ரப்பர் ஷீட்டு, நடுவுல பள்ளிக்கூட யூனிபார்ம்)

ஷீட்டு, ஷீட்டு, எனக்க மோளுக்க யூனிபார்ம், பின்னயும் ஷீட்டு. எல்லாம் ஒரே கொடியில. காயாத ஷீட்டு வெள்ளையா இருக்கும், காயக் காய மஞ்சளாகும், வெயில் பின்னாலேருந்து அடிச்சா உள்ளே வெளிச்சம் கேறும். அதுக்காகத்தான் போனை எடுத்தேன். கதை என்னண்ணு கேட்டா, ஆசிடு ஊத்தி உறைய வச்ச ஷீட்டுக்கு ஒரு வாடை உண்டு. ரப்பர் உள்ள வீட்டுல பிறந்த எல்லாருக்கும் தெரியும். மழை நாள்ல துணிமணி, புஸ்தகம், தலைமுடி எல்லாத்துலயும் ஒட்டும். வகுப்புல பக்கத்துல இருக்கிற பிள்ள மூக்கைப் பொத்துனாண்ணு மோளு அழுதுட்டு வந்தா. மறுநாளே தனியா வேற கொடி கட்டியாச்சு. இந்தப் படம் அதுக்கு முந்தின நாள் எடுத்தது. படத்துல வாடை வராதுல்லா, அதனால பாக்கிறவன் எல்லாம் அழகுண்ணு சொல்லுகான். மோளு மட்டும் "அப்பா அதை எடுத்துக் கள"ண்ணு சொல்லுகா. அவளுட்ட கேட்டுட்டுத்தான் இங்க போட்டேன், முகம் இல்லாததுனால சம்மதிச்சா.

அம்ம ரப்பர் பால் வெட்டுறதை எடுக்க ரொம்ப ஆசை. வெயில் வந்தா இலை வழியா தண்ணி போயி மரத்துக்குள்ள அழுத்தம் குறையும், பால் வரத்தும் குறையும். அதனால இருட்டோடேயே தலையில டார்ச்சு கட்டிட்டுப் போயிருவா. போன்ல நைட் மோடு போட்டா பால் வடியுற சிரட்டை தெளிவா வருது, அம்மைக்க கை மட்டும் புகை மாதிரி ஆயிருது.

வேளிமலை

நைட் மோடு பல படத்தை அடுக்கி ஒண்ணாக்குறது. நிக்கிற சாமான் தெளியும், அசையுற கை கலங்கும். நைட் மோடை அணைச்சிட்டு, அம்மா தலை டார்ச்சு வெளிச்சம் மரப்பட்டையில விழுற இடத்தைத் தொட்டு ஃபோகஸ் வச்சு எடுங்க. சுத்தி கறுப்பாப் போகும், போகட்டும். தோட்டம் அந்த நேரத்துல கறுப்பாத்தானே இருக்கு?

ரப்பர்க்காட்டான்

அதுக்கு அம்ம சம்மதிக்கணும். "படம் எடுக்கணும்ணா நல்ல சேலை உடுத்திட்டு வாறேன்"ண்ணு நிக்கா. நல்ல சேலை உடுத்திட்டு யாராவது பால் வெட்டப் போவினுமா? ரப்பர் பால் துணியில விழுந்தா பின்ன போகவே போகாது.

கச்சான்காற்று (முட்டம் பக்கம்)

நம்மள மாதிரி கடப்புறத்துக்காரன் படம் போட்டா பின்னாடி அஸ்தமனம் தானா வந்துரும், விதியை மீறுனதா எடுத்துக்கக் கூடாது.

(படம்: வள்ளத்து நிழல்ல உக்காந்து வலை தைக்கிற ஒருத்தர்)

எங்க தெருவுல உள்ள அண்ணன். புது போன் வாங்கின சமயம், எதைப் பாத்தாலும் எடுத்துட்டு இருந்தேன். வாயில நூலு, காலு பெருவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சிருக்காரு. "லே, சும்மா இரிலே"ன்னு நிமிர்ந்து பாத்தாரு, அந்த நேரம் எடுத்தது. அனுப்பக் கூட இல்ல.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல். அண்ணன் ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுல இருந்தாரு. வரல. கொஞ்ச காலம் கழிச்சு மைனி (அண்ணன் மனைவி) எங்க வீட்டுக்கு வந்து, "நீ எப்பவும் போனும் கையுமாத் திரிவியே, அவரு படம் ஏதாவது உண்டாப்பா"ன்னு கேட்டாங்க. வீட்டுல இருந்தது கல்யாண ஆல்பம், ஆதார் அட்டை, அவ்வளவுதான். கல்யாணப் படத்துல இருக்கிற பையனைப் பிள்ளைங்களுக்கு அடையாளமே தெரியல. இந்தப் படத்தைத்தான் பெருசாக்கிச் செவத்துல மாட்டியிருக்கு. ஸ்டுடியோவுல வலையை அழிச்சிட்டு நீலப் பின்னணி வைக்கட்டுமான்னு கேட்டாங்க, மைனி வேண்டாம்னுட்டாங்க. இங்க போடுறதுக்கும் மைனிட்ட கேட்டாச்சு.

பிச்சிப்பூ

என்ன எழுதுறதுன்னு தெரியல அண்ணே. போட்டதுக்கு நன்றி.

அக்கானி (ராஜாக்கமங்கலம்)

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. படம் எடுக்கப் பழகி ரொம்ப நாள் ஆகவில்லை. எல்லாப் படங்களையும் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரப்பர் தம்பி மகளிடம் கேட்டார், முட்டத்துத் தம்பி மைனியிடம் கேட்டார். பூச்சந்தை அண்ணாச்சியிடம் யாராவது கேட்டீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், என் அப்பா பனையேறி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரோ ஒருவர் வந்து அப்பா பனை உச்சியில் இருப்பதைப் படம் எடுத்துவிட்டுப் போனார். யார் என்று தெரியாது, எதற்கு என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அது ஒரு காலண்டரில் வந்தது. கீழே கிராமத்து அழகு என்றோ என்னவோ எழுதியிருந்தது. அப்பா பலசரக்குக் கடையில் அதைப் பார்த்துவிட்டு, "இது நானாக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் நம்பவில்லை, சிரித்திருக்கிறார். படத்தில் முகம் சரியாகத் தெரியாது. இடுப்பில் தொங்குகிற பாளை அரிவாள் பெட்டியை வைத்துத்தான் அப்பா கண்டுபிடித்தார், அது பாட்டி முடைந்தது. அந்தக் காலண்டரை ஒன்று கொடுங்கள் என்று கேட்டதற்கு, நிறைய சாமான் வாங்குகிறவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா காலையிலும் சாயங்காலமும் ஏறி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, புளிக்காமல் அக்கானி (பதநீர்) இறக்கி, அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால்தான் அந்தக் கடையில் எங்கள் பற்று தீரும். அந்த வீட்டுக்கு ஒரு காலண்டர் இல்லை.

எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பிச்சிப்பூ

டீச்சர், அண்ணாச்சி எங்க தெருதான், படத்தை அவருக்கு அன்னைக்கே அனுப்பியாச்சு. அவரு வாட்ஸ்அப் முகப்புல அதைத்தான் வச்சிருக்காரு. ஆனா எடுக்கறதுக்கு முன்ன கேக்கல. கேட்டிருந்தா போனைக் கீழ வச்சிட்டு, சட்டைப் பட்டனைப் போட்டுட்டு, பாஸ்போர்ட்டுக்கு உக்காருற மாதிரி உக்காந்திருப்பாரு. அந்தச் சிரிப்பு வந்திருக்காதுல்லா?

அக்கானி

வந்திருக்காது. அவருக்கு எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி வந்திருக்கும். அதுவும் ஒரு படம்தானே?

மட்டிப்பழம்

டீச்சர் அடிச்சது சிக்ஸர்.

கச்சான்காற்று

டீச்சர் சொல்லுகது நியாயந்தான், ஆனா முழுசா ஒத்துக்க முடியல. நான் கேட்டுட்டு எடுத்திருந்தா மைனிக்கு இன்னைக்கு அந்த முகம் கிடைச்சிருக்காது. நம்ம ஊரு ஆளுங்க கேமராவைப் பாத்தா சிரிக்க மாட்டாங்க, விறைச்சிருவாங்க. என்னைக் கேட்டா, உள்ளூர்க்காரன் எடுக்கிறதும் வெளியூர்க்காரன் எடுக்கிறதும் ஒண்ணு இல்ல. எங்க ஏலக்கூடத்துக்கு லீவு நாள்ல பெரிய லென்ஸு மாட்டிட்டு ஒரு கூட்டம் வரும். மீன்காரம்மா தலையில சருவம், முகத்துல சுருக்கம், அதை நெருக்கி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கத்தை இன்னும் ஆழமாக்கிப் போடுவாங்க. அந்தம்மா அன்னைக்கு சாளை நல்ல விலைக்குப் போன சந்தோஷத்துல இருந்திருப்பாங்க. படத்தைப் பாத்தா ஊரே பட்டினி கிடக்குற மாதிரி இருக்கும். கேட்டுட்டு எடுத்தாலும் அது தப்பான படந்தான்.

நான் செய்யுறது இதுதான்: முதல்ல கேமராவை எடுக்காம கொஞ்ச நேரம் நிக்கணும். கரையில நின்னு கரமடி வலை இழுக்காங்கன்னா கயித்துல ஒரு கை பிடிக்கணும். அப்புறம் எடுத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எடுத்ததை அங்கனயே காட்டணும். வேண்டாம்னா அவங்க முன்னாலயே அழிக்கணும். அழிச்ச படங்கள்ல நல்ல படம் எத்தனையோ உண்டு. போகட்டும்.

வேளிமலை

சின்னப் பிள்ளைங்க படம்னா அந்த விதியும் பத்தாது. பெத்தவங்கட்ட கேட்டாலும், பள்ளிக்கூடம் எதுன்னு தெரியுற மாதிரி பேட்ஜு, போர்டு வந்தா நான் போடுறதில்ல. கால்வாய்த் தண்ணி போற மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடைபாதை வழியா பிள்ளைங்க போறதை எடுத்தது கிடக்கு. டூரிஸ்ட்டு 115 அடி உயரத்துல கம்பியைப் பிடிச்சிட்டு நடுங்கிட்டு நிக்கான், நம்ம பிள்ளைங்க அவனை ஒதுங்கச் சொல்லிட்டு ஓடுதுங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க வீட்டுக்குப் போற குறுக்குவழி அவங்களுக்கு அது. நல்ல படம், ஆனா முகம் எல்லாம் தெளிவா இருக்கு. அதான் எழுதிக் காட்டுறதோட நிறுத்திக்கிடுதேன்.

பிச்சிப்பூ

சரி, நடைமுறையில ஒரு வழி சொல்லட்டா? முகம் தெரிஞ்சா கேட்டுட்டுப் போடுறது, கேக்க வழி இல்லன்னா எழுதிக் காட்டுறது. எடுக்கிறதுக்கு முன்னயா பின்னயான்னு அவங்கவங்க மனசு. டீச்சருக்குச் சம்மதமா?

அக்கானி

பாதி சம்மதம். மீதியை நேரில் பார்க்கும்போது சண்டை போடுகிறேன். இப்போது என் படம்.

(படம்: நண்பகல் முற்றத்தில் ஒரு செம்பு, நிழல் இல்லாமல்)

இதில் ஆள் இல்லை, அனுமதி வாங்கவும் தேவையில்லை. நம் மாவட்டம் எட்டு டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒன்று, செப்டம்பர் முதல் தேதி வாக்கில் இன்னொன்று. நேரம் பன்னிரண்டு இல்லை, நமக்குப் பன்னிரண்டு இருபதை ஒட்டி. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் இதைப் பாடமாக நடத்தினேன். ஏப்ரலில் பரீட்சை, செப்டம்பரில் சில சமயம் மேகம், பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்க் காட்ட முடிந்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு தனியாக முற்றத்தில் செம்பை வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரர்கள் பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மட்டிப்பழம்

செம்பு மேல சத்தியமா இது ஆப்புல அழிச்ச நிழல்னுதான் நினைச்சேன் டீச்சர்.

சுங்கான்கடை மண்

கொஞ்சம் விலகிப் போறதுக்கு மன்னிக்கணும். லென்ஸுக்குள்ள வெள்ளையா நூலு நூலாப் படர்ந்திருக்கு. தோல் பையிலதான் பத்திரமா வச்சிருந்தேன். அரிசிப் பானைக்குள்ள போட்டா சரியாகுமா?

வேளிமலை

பூஞ்சை. நமக்கு ஆனியில ஆரம்பிச்சாக் கார்த்திகை வரை ரெண்டு பருவமழையும் உண்டு, ஈரம் விடவே விடாது. தோல் பைதான் அதுக்கு நல்ல வீடு. அரிசி வேண்டாம், தவிடு உள்ள போகும். சமையலறையில வைக்கிற மாதிரி இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40லேருந்து 50 சதவீதத்துல நிக்கணும். வந்த பூஞ்சைக்கு மெக்கானிக்கிட்டதான் போகணும், சீக்கிரம் போங்க, கண்ணாடிப் பூச்சை அரிச்சிரும். கடற்கரைக்குப் போயிட்டு வந்தா காஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்புப் பரல் கீறும். முதல்ல லேசா ஈரத்துணி.

கோட்டாத்துக்காரன் (கோட்டாறு)

தம்பிமாரே, டீச்சரே, எல்லாத்தையும் வாசிச்சிட்டு இருந்தேன். நான் ரொம்ப காலம் நாகர்கோவில்ல ஸ்டுடியோ வேலை பாத்தவன். இப்ப கண்ணு சரியில்ல, பேரன் டைப் அடிக்கான்.

எங்க காலத்துல நீங்க போட்டிருக்க படம் ஒண்ணைக்கூட யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. பெரிய பிலிம் ரோலுல பன்னிரண்டு படம், சின்னதுல முப்பத்தாறு. ஒவ்வொண்ணும் காசு. வலை தைக்கிறவனையும் ஷீட்டு காயுறதையும் யாரு எடுப்பா? எங்ககிட்ட வந்தது நாலு வகை ஆளு. பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு வாறவங்க, பொண்ணு பாக்க அனுப்ப வாறவங்க, கல்ஃபுக்குப் போறவங்க, அப்புறம் எழவு வீட்டுலேருந்து கூப்பிட வாறவங்க. கல்ஃபுக்குப் போற பையனுக்குன்னு ஸ்டுடியோவுல ஒரு கோட்டு உண்டு பாத்துக்கிடுங்கோ. பின்னால கிழிஞ்சு கிடக்கும், ஊக்கு குத்தி விடுவோம். அந்த வட்டாரத்துல துபாய், சவூதி போன முக்கால்வாசிப் பேரு பெட்டியிலயும் அதே கோட்டுதான் இருக்கும். எழவு வீட்டுலதான் மனசு கஷ்டம். எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷனை நாற்காலியில சாச்சு வச்சு, முதல் படமும் கடைசிப் படமும் ஒண்ணா எடுக்கணும்.

முகத்தை வெளுப்பாக்கிக் குடுன்னு கேக்காத ஆளு குறைவு. நெகட்டிவ்ல பென்சிலைக் கூரா சீவிப் புள்ளி புள்ளியா வைப்போம். அந்த இடத்துல வெளிச்சம் கம்மியாப் போயி பிரிண்டுல முகம் வெளுக்கும். இப்ப போன் கேக்காமலே அதைச் செய்யுது. பியூட்டி மோடை அணைச்சிட்டு எடுங்க. முட்டத்துத் தம்பி போட்ட படத்துல அந்த மனுஷனுக்கு வெயில்ல கறுத்த முகம் அப்படியே இருக்கு, அதான் பிள்ளைங்களுக்கு அப்பான்னு தெரியுது.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும். பிரிண்டு போட்டுக் குடுங்க. வாட்ஸ்அப்புல அனுப்பினது போன் மாத்தும்போது போயிரும். டீச்சரு அப்பாவுக்கு அந்தக் காலண்டர் தாளு ஒண்ணு கையில கிடைச்சிருந்தா இன்னைக்கு இந்தச் சண்டையே இருக்காதுல்லா?

அக்கானி

சண்டை இருந்திருக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவாகப் போட்டிருப்பேன்.

ரப்பர்க்காட்டான்

பிரிண்டு போட்டா தலை வெட்டுப்படுது. போன தடவை அம்மைக்க படம் போட்டதுல நெத்தியைக் காணல்ல.

கோட்டாத்துக்காரன்

போன் படம் நாலுக்கு மூணு, நாலுக்கு ஆறு தாளு மூணுக்கு ரெண்டு. அளவு ஒத்துப்போகாது, போனைப் படுக்க வச்சு எடுத்த படம்னா கடைக்காரன் தாளை நிறைக்கணும்னு மேலயும் கீழயும் வெட்டிருவான். ஓரத்துல வெள்ளை விட்டு முழுப்படமும் போடுன்னு சொல்லிக் குடுங்க. இல்ல, எடுக்கும்போதே தலைக்கு மேல இடம் விட்டு எடுங்க.

கச்சான்காற்று

மாட்டுனதுக்கு அப்புறம் உள்ள பிரச்சினைக்கும் வழி சொல்லுங்க அண்ணாச்சி. மழை முடிஞ்சு பாத்தா படம் கண்ணாடியோட ஒட்டிக்கிடுது. மைனி வீட்டுல அது இளகத் தொடங்கியிருக்கு, பிரிச்சா கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு.

கோட்டாத்துக்காரன்

பிரிக்காதீங்க. ஒட்டுன இடத்தை இழுத்தா படத்துத் தோலு கண்ணாடியிலதான் நிக்கும். போன்ல மூலப் படம் இருக்குல்லா, புதுசாப் பிரிண்டு போடுங்க. இந்தத் தடவை கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்க, கண்ணாடி படத்துல தொடவே கூடாது. கடல் பக்கத்துச் செவருல நேரா சாத்தாதீங்க, பின்னால நாலு மூலையிலயும் கார்க்குத் துண்டு ஒட்டிக் காத்து போக விடுங்க.

கச்சான்காற்று

அட்டைச் சட்டம் அளவா வெட்டித் தாற ஆளு நம்ம பக்கம் உண்டா?

கோட்டாத்துக்காரன்

வடசேரிப் பக்கம் ஒருத்தன் உண்டு, எங்கிட்ட வேலை பழகுன பையன். தனிமடல்ல நம்பர் அனுப்பச் சொல்லுகேன். நான் சொன்னேன்னு சொல்லுங்க, கார்க்குக்குக் காசு வாங்க மாட்டான்.